ஆண்டு விழாவுக்குத் தப்பு வேண்டாமா? – பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவிக்கும், தலைமையாசிரியை அம்மாவுக்கும், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவி அவர்களே, உங்களைப் 'பாப்பா' என்று கூப்பிட்டே பழகிய வாய் எனக்கு. உங்கள் அப்பாவும் நானும் ஒரே தேயிலைக் காட்டில் கவ்வாத்து வெட்டியவர்கள். ஆனாலும் இது ஊரே படிக்கப்போகிற மடல் என்பதால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். குழுவில் எனக்கு இடமில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாத்தா, அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை நீங்கள் கூட்டம் போட்டபோது சமையல் கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து தப்புக்கு, அதுதான் பறைக்கு, தோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. தோலை ஒட்டினேனே தவிர ஒட்டுக் கேட்கவில்லை; காதில் விழுந்தது.

விழுந்தது இதுதான். ஆண்டு விழா இந்த முறை மாலையில், விளக்கு அலங்காரத்தோடு. கூடலூரிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டர் வருவார். பென் டிரைவில் பாட்டு கொண்டுவருவார். 41 பிள்ளைகளில் 16 பேரைப் பொறுக்கி எடுத்து இரண்டு வாரம் பழக்குவார். மற்றவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். தப்பு மேடைக்கு வேண்டாம்.

கடைசி வரியைச் சொன்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதனால்தான் எனக்கு அது நன்றாகக் கேட்டது.

புதிதாகக் குழுவுக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. ஆறு வருடத்துக்கு முன் தலைமையாசிரியை அம்மா இங்கே மாறுதலாகி வந்தபோது இது பாட்டுப் பள்ளி இல்லை. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டினால் பக்கத்திலேயே நான்காம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கிற நான்காம் வகுப்பு எப்படிச் சும்மா இருக்கும்? அந்தச் சத்தத்தை அடக்கத்தான் அம்மா பாட்டைக் கையில் எடுத்தார். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கலை வளர்க்கும் லட்சியம் எல்லாம் அப்போது கிடையாதாம்.

முதல் அரை மணி நேரம் ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். ஒரு டீச்சர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால் இன்னொரு டீச்சர் எல்லா நோட்டையும் திருத்தி முடித்துவிடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்; சின்னது தாளம் தவறினால் பெரியதுதான் அதன் உள்ளங்கையைப் பிடித்துத் தட்டிக் காட்ட வேண்டும். வாய்ப்பாடும் அங்கேயேதான். மூன்றாம் வாய்ப்பாட்டுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. ஏழாம் வாய்ப்பாடு எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளுக்குக் கசப்பு. இங்கே தகிடவையும் தகதிமியையும் சேர்த்தால் ஏழு என்று விரலே சொல்லிவிடும். என் பேத்தி கடையில் ஏழு ரூபாய் மிட்டாய் நான்கு வாங்கிவிட்டு, தொடையில் தட்டியே கணக்குச் சொன்னாள். கடைக்காரர்தான் கால்குலேட்டரைத் தேடினார்.

பாட்டு வாத்தியார் ஒருவரைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்டால் கிடைக்காது, அண்ணே. கலைப்பாடத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று சட்டம் சொல்வது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால். அரசு இசைப்பள்ளியில் சேரவும் 12 வயது ஆக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாட்டு சொல்லித்தர அரசாங்கத்தில் ஆள் கிடையாது. நம் பள்ளியில் நடப்பது முழுக்க அந்த அம்மாவின் தொண்டையிலும், நம் ஊர்க்காரர்களின் கையிலும்தான் நடக்கிறது.

அப்புறம் காலை உணவு வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் அதை விரிவாக்கினார்கள். அதற்கு முன் நம் பிள்ளைகள் பெல் அடிக்கும்போதுதான் ஓடிவரும். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில் ஒரு கிளாஸ் பாலில்லாத கட்டஞ்சாயாவோடு அனுப்பிவிடுவார்கள். இப்போது எட்டே காலுக்கே பிள்ளைகள் பள்ளிக்குள் இருக்கின்றன, வயிறும் நிறைந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்துப் பெல் அடிக்கிற வரைக்கும் கிடைக்கிற நேரத்தில்தான் பாதிப் பாட்டு பழகியது. கிச்சடி கிண்டுகிற மகளிர் குழு அக்கா, கரண்டியால் அண்டாவில் தாளம் போட்டபடியே வரிசையை நகர்த்துவதைப் பார்க்காத குழு உறுப்பினர் யாராவது இருந்தால் ஒரு நாள் சீக்கிரம் வாருங்கள்.

சரி, இதில் தப்பு எப்படி வந்தது? மழையால் வந்தது.

தேவாலா மழை எப்படி என்று பேப்பரில் படிப்பவர்களுக்கே தெரியும், நமக்குச் சொல்லவா வேண்டும். ஜூன், ஜூலையில் நம் கூடத்துத் தகரக் கூரைமேல் மழை விழுந்தால் டீச்சர் பாடுவது முதல் வரிசைக்கே கேட்காது. ஆர்மோனியமும் அந்த மாதங்களில் நோயாளி. கட்டை ஊறிக்கொள்ளும், அழுத்தினால் எழுந்திருக்காது. அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு அதைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டே நின்றுபோன ஒரு வாரத்தில்தான் அம்மா எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனுக்கு வந்து, "மழைக்கு மேலே கேட்கிற மாதிரி உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம் ஒன்று இருந்தது.

அது என் அப்பாவுடையது. நான் பிறந்தது 1964இல், இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அந்த வருடம் அக்டோபரில்தான் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத் தமிழர்களான எங்களை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாங்கள் இந்தியா பங்கில் விழுந்தோம். ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968இல் அரசாங்கம் போட்ட தேயிலை இது. என்னைப் பெற்ற அம்மா அம்மிக்கல்லை விட்டுவிட்டு வந்ததற்கு இறக்கும்வரை அழுதாள். அப்பா கம்பளிக்குள் சுருட்டித் தப்பைக் கொண்டுவந்துவிட்டார்.

அங்கே தப்பு எதற்கெல்லாம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கு ஆளைக் கூப்பிடத் தப்பு. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு. கல்யாணத்துக்கு, சாமி ஊர்வலத்துக்கு, சாவுக்குத் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயத்து வீட்டுக்குள் படுத்துக்கொண்டே இன்ன காரியம் என்று காது சொல்லும். அப்பா அந்த அடிகளை எனக்குக் கற்றுக்கொடுத்தார். என் மகன்களுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் நாள் அடித்தபோது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. "தாத்தா, தப்பில்லாம தப்படிக்கணுமா?" என்று ஒரு பயல் கேட்டான். அவன் இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி. சனிக்கிழமை வந்து சின்னதுகளுக்கு அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடிக்கச் சொல்லித்தருகிறான்.

தப்புக்குப் பின்னால் துடி என்கிற சின்னக் கொட்டு வந்தது. நம் பள்ளிக்குப் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் அம்மா அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இருக்காது. அவர்களில் ஒரு பையனுடைய மாமா பள்ளி வாசலில் நின்று தப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. மூன்றாம் நாள் துடியோடு வந்தார். நான்காம் நாள் ஒரு குழலோடு அவருடைய சித்தப்பா. அந்தச் சீசனில் அந்த ஒன்பது பிள்ளைகளும் பாட்டு இருக்கிற காலையெல்லாம் வந்துவிட்டார்கள். மாமாவே கூட்டிக்கொண்டு வந்தார். அதுவரை வாசலோடு திரும்பிப்போன அவர்கள் வீட்டுப் பெண்கள் இப்போது கூடத்துக்குள் சுவரில் சாய்ந்து உட்காருகிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருடா வருடம் பதிவேட்டில் எழுதுகிறோமே, இந்தக் கூட்டத்தை ஏன் ஒருமுறைகூட எழுதவில்லை?

சண்டையும் நடந்தது, மறைப்பானேன். மலையாளம் பேசுகிற வீட்டம்மா ஒருவர், "எல்லாம் தமிழ்ப் பாட்டாகவே இருக்கிறதே" என்றார். எங்கள் லைனில் ஒருவர் அதற்குச் சூடாகப் பதில் சொல்லிவிட்டார். இரண்டு நாள் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. அம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ஆளுக்கு ஒரு தாலாட்டு சொல்லிக்கொடுங்கள், போதும்" என்றார். தாலாட்டில் எவன் சண்டை போடுவான்? இப்போது இரண்டாம் வகுப்பு இரண்டு தாலாட்டையும் பாடுகிறது. சண்டை போட்ட இருவரும் ஒன்றாகக் காய்கறி வாங்கப் போகிறார்கள். (பேச்சில் மட்டும் இன்னும் இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை.)

இப்போது அந்தத் தாழ்ந்த குரலுக்கு வருகிறேன்.

"வெளியாட்கள் வருகிற விழாவில் பிள்ளைகள் தப்பு அடித்தால் நன்றாகவா இருக்கும்?" இதுதான் நான் கேட்டது. சொன்னவர் பெயரை எழுதமாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மழையில் கூரைத் தகரம் பறந்தபோது முதலில் ஏணி கொண்டுவந்தவர் அவர்தான். அவர் சொன்னதன் பொருள் எனக்கும் உங்களுக்கும் தெரியும். தப்பு என்றால் சாவு. தப்பு அடிப்பவன் என்றால் இன்ன சாதி. பிள்ளை கையில் அதைப் பார்த்தால் வந்தவர்கள் நம்மை எந்தத் தட்டில் வைப்பார்கள் என்கிற பயம்.

அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. அதனால்தான் என் மகன்களுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. இந்த மலைக்கு வந்தபின், சாவு வீட்டுக்கு மட்டும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அடித்து முடித்தபின் காசைக் கையில் தராமல் தரையில் வைத்தார்கள். அதைக் குனிந்து எடுத்த அப்பாவின் முதுகை நான் பார்த்தேன். அன்றைக்கே தப்பை அட்டாலியில், பரண்மேல், ஏற்றிவிட்டேன். என் பிள்ளைகள் கணக்கும் இங்கிலீசும் படிக்கட்டும், இது வேண்டாம் என்று நினைத்தேன். அவர்களும் படித்தார்கள். ஒருவன் திருப்பூரில், ஒருவன் கோயம்புத்தூரில். அட்டாலியில் அது நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. தலைமையாசிரியை அம்மா வந்து கேட்ட அன்றுதான் இறக்கினேன். எலி ஒரு ஓரத்தைக் கடித்திருந்தது.

அதே தப்பை என் பேத்தியும், செட்டி வீட்டுப் பையனும், மலையாளத்து அம்மாவின் மகளும், பணியர் வீட்டுப் பிள்ளையும் வரிசையில் நின்று "அடுத்தது நான், அடுத்தது நான்" என்று கேட்டு வாங்கி அடிக்கிறார்கள். நான் வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை இந்தப் பிள்ளைகள் வெட்கம் என்றே தெரியாமல் எடுத்துக்கொண்டன. நீங்கள் விழா மேடையிலிருந்து அதை இறக்கினால், ஏன் என்று பிள்ளைகள் கேட்கும். என்ன சொல்வீர்கள்? எந்தப் பதிலைச் சொன்னாலும், இதுவரை அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள்தான் முதன்முதலில் கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

வெளியாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டில்லியில் மரியாதை கிடைத்த கருவிக்கு நம் தகரக் கூடத்தில் இடமில்லை என்று வந்த விருந்தினரிடம் நாம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் தெய்வத்தோடும் உணவோடும் சேர்த்துப் பறையையும் கருப்பொருளாகச் சொல்கிறது. மலைக்குத் தொண்டகப்பறை என்பார்கள். இதை எனக்குச் சொன்னது தலைமையாசிரியை அம்மா. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

மாஸ்டர் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். தோட்டத்தில் வேலை குறைந்து குடும்பங்கள் கீழ்நாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கு என்ன ஆகுமோ என்று எல்லோருக்கும் அடிவயிற்றில் ஒரு பயம். பளபளவென்று ஒரு விழா நடத்தி, வீடியோ எடுத்து வாட்சப்பில் விட்டால், வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் நான்கு பேர் இங்கே வரலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள். வரலாம். ஆனால் அந்தப் பளபளப்பு வேன் பள்ளியில் நம்மைவிட நன்றாகவே இருக்கிறது. அவர்கள் மேடை பெரியது, விளக்கு பெரியது, மாஸ்டரும் அதே மாஸ்டர். நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது என்ன என்று பார்த்தால், 41 பிள்ளையும் ஒரே நேரத்தில் தாளம் விடாமல் நிற்பதுதான்.

பொறுக்கி எடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். 16 பேர் போனால் 25 பேர் மிச்சம். அந்த 25 பேரில் யார் யார் இருப்பார்கள் என்று இப்போதே என்னால் எழுதித்தர முடியும். சட்டை பழையதாக இருப்பவர்கள், சீசனுக்கு லீவு எடுப்பவர்கள், திக்கிப் பேசுகிற அந்த இரண்டாம் வகுப்புப் பெண். அவள் பாடும்போது திக்குவதில்லை, தெரியுமா உங்களுக்கு?

பென் டிரைவுக்கு வருவோம். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் வந்த அரசாணையை அம்மா எங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மோகன ராகம், மூன்று எண்ணிக்கைத் தாளம், 55 விநாடி என்று சொல்லிவிட்டு, இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்துப் பழகியவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த மூன்றைத் தகிட, தகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே பாடுவார்கள். வாழ்த்தை வாயால் பாடிவிட்டு, அடுத்த நிமிடம் எவரோ எங்கோ பாடியதற்கு வாயசைத்து ஆடினால் அந்தப் பிள்ளைகளுக்கே அது விளங்காது.

மாலை நேரம் வேண்டவே வேண்டாம். இதில் கலையும் இல்லை, சாதியும் இல்லை, யானை. ஐந்தரைக்கு மேல் எந்தப் பாதையில் எது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? வனத்துறையில் சொல்லி ஆள் போடலாம் என்றீர்கள். இரண்டு பேர் டார்ச்சோடு மூன்று பாதையை எப்படிப் பார்ப்பார்கள்? பணியர் குடியிருப்புக்குப் போகிற பாதையில் ஒரு விளக்குக்கூடக் கிடையாது. விழா எட்டு மணிக்கு முடிந்தால் அவர்கள் நான்கு மணிக்கே எழுந்து போய்விடுவார்கள், துடியும் குழலும் அவர்களோடு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் கொழுந்து எடைக்கும் ஓட வேண்டாம், எல்லோரும் வெளிச்சத்தில் வீடு சேரலாம். மாசியில் வையுங்கள், மழை இருக்காது, தப்பும் சொன்னபடி கேட்கும்.

மாஸ்டரை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாயிற்று, முன்பணமும் கொடுத்தாயிற்று என்று கேள்வி. வரட்டும். 41 பேருக்கும் கால் எடுத்து வைக்கச் சொல்லித்தரட்டும். பாட்டும் அடியும் நம்முடையதாக இருக்கட்டும். நம் தாளத்துக்கு அவருக்கு ஆடத் தெரிகிறதா என்று எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் திண்ணையில்தான் இருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன், இல்லாவிட்டாலும் ஜன்னலைச் சாத்தாதீர்கள். அப்பாவின் தப்புக்குப் புதுத் தோல் ஒட்டி முடித்துவிட்டேன், புளியங்கொட்டைப் பசை காய வேண்டும். பள்ளிக்கு வாங்கின மூன்று பைபர் தப்பும் இருக்கின்றன. அவை மழைக்கு அசையாது, ஆனால் சத்தம் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினதுபோல. தோல் தப்பைக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், கேஸ் அடுப்பில் காட்டினால் ஓரம் கருகிவிடுகிறது. வயல் வைத்திருக்கிற செட்டி வீட்டு உறுப்பினர் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாத்தா,
பந்தலூர் வட்டம், நீலகிரி.